தவிட்டுக்குருவிகள் கத்திய சனிக்கிழமை

1

இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நாள்காட்டியைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை. காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேலிச்செடியிலிருந்து ஒரு கருப்புக் குருவி விடாமல் கத்தத் தொடங்கியது. இங்கே பிளாக்பேர்ட் என்பார்கள், நம்ம ஊர் மைனா அளவு இருக்கும். அது சாதாரணமாகப் பாடுகிற பறவை. ஆனால் பூனையைப் பார்த்துவிட்டால் பாட்டு போய், கல்லோடு கல்லைத் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் வந்தது. என் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் தொட்டிக்குள் விழுந்து உடைந்தது.

எதிர்வீட்டுப் பூனைதான் வந்திருக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தம்பிக்கு அடித்தேன். அவன் எடுக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, இந்நேரத்துல?"

"சும்மாதான். சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். நீ ஏன் எரைக்கிற? மாடியேறி வந்தியா?"

ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குருவி கத்தினதற்கு ஒரு பெண் பயந்து உட்காருவாளா என்று ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். நான் ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். இரத்தத்தைப் பார்த்துப் பயந்ததில்லை. இந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறேன். ஏன் என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தை நான் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

2

எங்கள் வீட்டுக்குப் பறவைகளைக் கொண்டுவந்தவள் என் மகள் ஷாரன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதில் பள்ளியில், ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்துக்கு வருகிற பறவைகளை எண்ணி எழுதி வரச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துக்கு ஒன்றும் வரவில்லை. வெறும் புல்லும் குப்பைத்தொட்டியும் இருந்தால் எது வரும்? அவள் அழுதுகொண்டே பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமையே என் கணவர் சாமுவேல், விதை போட்டுத் தொங்கவிடும் ஒரு கம்பிக்கூண்டு வாங்கி வந்தார். முதல் பதினைந்து நாள் ஒன்றும் வரவில்லை. பதினாறாம் நாள் ஒரு நீலச்சிட்டு வந்தது. அதன் பிறகு வரிசையாக வந்தன. ஷாரன் பறவையைப் பார்க்கும் முறையே தனி. நிறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பாள். முதலில் எவ்வளவு பெரிசு, பிறகு மூக்கு, வால், தரையில் நடக்கிறதா தத்துகிறதா. ஒரு வருடத்தில் பார்க்காமலே சொல்லத் தொடங்கினாள். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தின்றபடியே, "அம்மா, பூனை வந்திருக்கு" என்பாள். எட்டிப் பார்த்தால் பூனை வந்திருக்கும். கருப்புக் குருவி சொல்லிவிட்டதாம்.

பறவைச் சத்தத்தில் இவ்வளவு நுணுக்கமான காது, தமிழுக்கு மட்டும் எப்படி அடைத்துப்போனதோ தெரியவில்லை. அவளுக்குப் பல சொற்களில் நெடில் வராது. காலை என்பது கலை ஆகும். தம்பியிடம் ஒருமுறை, "மாமா, நான் பல் குடிச்சேன்" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வந்து தங்கிவிட்ட எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு ஒரு பயம் உண்டு. பிள்ளை கையை விட்டுப் போகிறது, போகிறது என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நான் திருத்திக்கொண்டே இருந்தேன். அவள் வாயைத் திறந்தால் போதும். "பல் இல்ல, பால். நீட்டிச் சொல்லு." அவளும் நீட்டிச் சொல்லுவாள். மறுநாள் திரும்பவும் பல் குடிப்பாள்.

3

என் தம்பி தங்கராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டான். பின்பக்கம் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். அவன் மனைவி கலா தளவாய்புரத்துக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். போன் பேசினால் பின்னாலேயே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும்.

தம்பிக்கும் ஷாரனுக்கும் பேச ஒன்றும் இருந்ததில்லை. நல்லாருக்கியா, நல்லாருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்கு மேல் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். ஒருநாள் அவளே, "மாமா, உங்க வீட்ல என்ன பேர்ட்ஸ் வரும்?" என்று கேட்டாள்.

"காக்கா வரும். புறா வரும். கிளி ஒண்ணு ரெண்டு. பொறவு ஏதோ குருவி."

"ஏதோ குருவின்னா என்ன குருவி?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் விடவில்லை. வீட்டின் பின்புறம் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. அதனடியில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னாள். தினமும் கழுவி மாற்ற வேண்டும், ஆழம் அரை விரலுக்கு மேல் வேண்டாம், ஒரு கல்லைப் போட்டு வையுங்கள், பறவை நிற்கட்டும் என்றாள். அவன் கூடவே கம்பும் தினையும் தரையில் இறைத்தான். தானியத்தைத் தரையில் போடாதீர்கள், எலி வரும் என்று அவள் சொன்னதுண்டு. "எலி வந்தா அதுவும் தின்னுட்டுப் போவுது" என்றான்.

ஒரு மாதத்தில் ஆள் மாறிவிட்டான். ஷிப்ட் முடிந்து வந்ததும் எனக்கு அடிப்பான். எனக்கென்றால் ஷாரனுக்கு.

"ஏட்டி ஷாரனு, தலையில கொண்ட வச்சுக்கிட்டு, வாலுக்கு அடியில மட்டும் செகப்பா ஒண்ணு வந்திருக்கு."

"பெருசா சின்னதா?"

"மைனாவ விடச் சின்னது."

"புல்புல்!"

கலா பக்கத்திலிருந்து, "கொண்டக்குருவின்னு எங்க ஊர்ல பச்சப்புள்ள கூடச் சொல்லும். இதுக்கு லண்டனுக்கு போன் போடணுமாக்கும்?" என்பாள். எங்கள் வீட்டில் லீட்ஸும் லண்டன்தான்.

தவிட்டுக்குருவிகள்தான் தினசரி விருந்தாளிகள். ஏழெட்டுச் சேர்ந்துதான் வரும், சேர்ந்துதான் குளிக்கும், எந்நேரமும் வளவளவென்று பேசிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமைதோறும் எங்களுக்கு முற்பகல், அவர்களுக்குச் சாயங்காலம் நாலு மணி வாக்கில், தம்பி போனைத் துவைக்கிற கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொள்வான். ஆள் நின்றால் பறவை வராது. இங்கே ஷாரன் சாப்பாட்டு மேசையில் நோட்டோடு உட்காருவாள். "மாமா, பம்பு பாருங்க" என்பாள் நடுவில். பம்படியில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் ஒரு அடி எடுத்து வைத்து எட்டிப் பார்ப்பான்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. அந்தச் சனிக்கிழமை நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை கைக்குள் இருக்கிறாள் என்று தோன்றும்.

4

அந்தச் சனிக்கிழமை இணைப்பு சரியில்லை. படம் வராமல் சத்தம் மட்டும் வந்தது. "பரவால்ல மாமா, நான் கேக்குறேன்" என்றாள் ஷாரன். தம்பி போனைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வழக்கம்போலக் கதவுக்குப் போய்விட்டான். நான் மேசையின் மறுபுறம் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. தையல் மிஷின் சத்தம், எங்கோ ஒரு பஸ் ஹாரன், தவிட்டுக்குருவிகளின் பேச்சு.

பேச்சு திடீரென்று நின்றது. பிறகு ஒரு குருவி மட்டும் கரகரவென்று இழுத்தது. அடுத்த நொடி எல்லாமும் சேர்ந்துகொண்டன. அணில் ஒன்று இடைவிடாமல் கிறீச்சிட்டது. கொண்டைக்குருவியும் சேர்ந்தது. எனக்கு அது வெறும் இரைச்சல். ஷாரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மாமா!" என்று கத்தினாள். "மாமா! பம்பு! பம்பு!"

தூரத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "பம்புலயா? புதுக்குருவியாம்மா?"

"மாமா, பம்பு! பம்பு மாமா!"

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. இதை நான் மறைக்கக் கூடாது. தம்பிக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பதினொரு வருடம் அவள் நாக்கோடு வாழ்கிறவள் நான். அவள் பாம்பு என்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? போனைப் பார்த்துக் கத்தவில்லை. அவளைப் பார்த்தேன். பழக்கம்.

"பம்பு இல்ல ஷாரன், பாம்பு. நீட்டிச் சொல்லு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. கத்தியைப் போட்டுவிட்டு போன்மேல் பாய்ந்தேன். அதற்குள் அங்கே பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரோஜா அக்கா அலறிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பதற்றத்தில் தெலுங்குதான் வந்தது. "பாமு! பாமு! தங்கராசு, நில்லுப்பா!" அந்தக் குரலுக்கும் தம்பியின் அலறலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

பிறகு மிஷின் சத்தம் நின்றது. கலா ஓடிவருவது கேட்டது. மண்சட்டி உடைந்தது.

"கலா! கலா! போனை எடு!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் கழித்து எடுத்தாள் என்று தெரியாது.

"மதினி, கால்ல புடுங்கிருச்சு மதினி! ரத்தம் வருது! துணி கிழிச்சுக் கட்டுறேன்!"

"கட்டாத! கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். நடக்க விடாத. படுக்க வை, காலை ஆட்டாம வை. வண்டி ஏதாவது இருக்கா?"

"சரோஜாக்கா வீட்ல குட்டியானை வண்டி நிக்கி."

"அதுல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு நேரே போ. என்ன பாம்புன்னு யாராவது பார்த்தாங்களா?"

"தடியா, மேலெல்லாம் வட்டம் வட்டமா இருந்துச்சாம்."

கண்ணாடிவிரியன். அது இரத்தத்தை உறைய விடாது. பிழைத்தால் சிறுநீரகத்தில் கை வைக்கும். பதினாறு வருடமாக எந்த உறுப்புக்காக வேலை பார்க்கிறேனோ அந்த உறுப்பு.

ஷாரன் அசையாமல் நின்றாள். மெதுவாக, ஆங்கிலத்தில், "நான் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

5

பாம்புக்கடி என்று போனால் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் ஆட்டாமல் நிறுத்தி வைப்பார்கள். உறைந்துவிட்டால் நல்லது. நான் லீட்ஸில் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த இருபது நிமிடம் நின்றேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. இருபத்தைந்தாவது நிமிடம் கலா அடித்தாள்.

"மதினி, தண்ணி மாதிரியே இருக்காம்."

மருந்து உடனே ஏற்றினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் சிறுநீர் குறைந்தது, மதுரைக்கு அனுப்பினார்கள். நான் டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்கு அடித்தேன். அவசரம் என்றால் அதற்கொரு படிவம் உண்டாம். படிவத்தில் நெருங்கிய உறவு என்று ஒரு பட்டியல் இருந்தது. கணவர், மனைவி, பிள்ளை, தாய், தகப்பன். கூடப்பிறந்தவனுக்கு இடமில்லை. எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"நோயாளி உங்களுக்கு என்ன வேண்டும்?"

"சொந்தத் தம்பி" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். சொந்தம் என்கிற சொல் அவளுக்குப் பிடிபடவில்லை. தம்பி என்றால் போதாதா, அதில் சொந்தம் என்ன, சொந்தமில்லாதது என்ன என்று குழம்பினாள். ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று விளக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மருத்துவமனைக் கடிதம் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கடிதம் வந்து, அவர்கள் கேட்டு, சரி என்று பதில் வந்தபோது பதினொரு நாள் போயிருந்தது.

அந்தப் பதினொரு நாளும் வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் ஒவ்வொருவராக மிஷினில் இணைப்பேன். குழாயில் இரத்தம் ஏறி வருவதைப் பார்ப்பேன். அங்கே மதுரையில் அவனை யாரோ இணைத்துக்கொண்டிருப்பார்கள். குளிர்கிறது என்று சொன்னால் போர்த்துவார்களா? கடிபட்ட காலைப் பார்த்துப் படுக்க வைப்பார்களா? ஒரு கிழவர் என் கையைத் தட்டி, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஊசி குத்தப்படுகிறவர் என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

தினமும் கலாவிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இன்னைக்கு எம்புட்டு ஒண்ணுக்கு போனான்?"

முதலில் அவளுக்குக் கூச்சம். பிறகு அவளே ஆரம்பித்துவிடுவாள். "மதினி, ஒண்ணுமே இல்ல." "மதினி, அரை டம்ளர்." நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தமாகக் கத்தினாள். "மதினி, ஒரு செம்பு நெறைய இருக்கும்!" அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நான் உடைமாற்றும் அறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவனே அன்று பேசினான். "வராதக்கா. நான் பொழச்சுக்கிட்டேன். லீவ சேத்து வச்சு பிள்ளையக் கூட்டிட்டு வா."

6

தம்பி பிழைத்தான். பிறகுதான் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

ஷாரன் விதைக்கூண்டை அவளே கழற்றி, வெந்நீரில் கழுவித் துடைத்து, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. பறவை நோட்டு எங்கே என்று தெரியவில்லை. அதைவிட ஒன்று எனக்குப் புரிய நான்கைந்து நாள் ஆயிற்று. அவள் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். முன்பும் அப்படி உண்டுதான். ஆனால் நடுநடுவே அம்மா, பசிக்குது, போதும் என்றாவது வரும். இப்போது அதுவும் இல்லை. அம்மா என்பது கூட மம் ஆகிவிட்டது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வயிற்றுவலி என்றாள். மூன்று வாரம் வயிற்றுவலி என்றாள். நான்காவது வாரம் நான் கூப்பிடவில்லை.

தன் நாக்கால் மாமா சாகப் பார்த்தார் என்று நினைக்கிறாள், அதனால் அந்த மொழியைத் தொட அஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அது உன் தப்பில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன், தமிழில் சொன்னேன். சாமுவேலும் சொல்லிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்" என்பாள். சாப்பிடுவாள், பள்ளிக்குப் போவாள், தூங்குவாள். அந்த அமைதி என்னைக் கொன்றது. குளியலறையில் சற்று நேரம் கூடுதலாக இருந்தால் போய்க் கதவைத் தட்டுவேன்.

என் தப்பை நான் சொல்லிவிட்டிருந்தால் அவள் பாரம் பாதியாகியிருக்கும். எத்தனையோ முறை அவள் அறை வாசல் வரை போயிருக்கிறேன். அம்மாவும் மாமாவைக் கைவிட்டவள்தான் என்று தெரிந்தால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்கிற பயத்தில் திரும்பி வந்துவிடுவேன்.

7

டிசம்பரில் போனோம். சாமுவேலுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும்.

தம்பி இளைத்திருந்தான். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். மில்லில் அவனை ஸ்டோர் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். பின்புறத்தில் புல்லே இல்லாமல் சிமென்ட் போட்டிருந்தாள் கலா. தானியம் என்ற பேச்சே கூடாது என்று சொல்லியிருந்தாள். "தண்ணி மட்டுந்தான், அதுவும் மொட்டமாடியில. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்னுட்டேன் மதினி."

ஷாரன் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். வந்து மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி அவளை மாடிக்குக் கூட்டிப்போனான். காய்ந்த துணி எடுக்க நான் பின்னாலேயே ஏறினேன். கதவுக்கு வெளியே அவர்கள் பேச்சு கேட்டது. படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றான் தம்பி. "அன்னைக்கு நீ போன்ல என்னமோ சொன்னியாமே. எனக்குக் காதுலயே விழல. சட்டியில தண்ணி கம்மியா கெடந்துச்சு, ஊத்தப் போனேன். போனா மிதிச்சுட்டேன். அம்புட்டுத்தான். வேற ஒண்ணுமில்ல, கேட்டியா?"

தண்ணீரில் ஏதோ சிறகடித்தது.

"சரி மாமா" என்றாள் ஷாரன்.

எட்டு மாதம் கழித்து அவள் வாயில் வந்த தமிழ். நான் துணியெடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன். அவள் நம்பிவிட்டாள், தம்பி காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் தலைகாட்டப் பஸ்ஸில் போனோம். இருவர் இருக்கையில் அவள் ஜன்னலோரம். பஸ் ஊரைத் தாண்டி மலைப்பக்கம் வெளியான பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினாள். தமிழில்தான் பேசினாள்.

"அம்மா, மாமா பொய் சொன்னாங்க."

"என்ன பொய்?"

"காதுல விழலன்னு. புதுக்குருவியாம்மான்னு கேட்டாங்கல்ல. அப்புறம்தான் நடந்தாங்க."

"அப்ப ஏன் சரின்னு சொன்ன?"

"அவங்க ரொம்ப நாள் யோசிச்சு வச்சிருந்தாங்க போல." சற்று யோசித்து, "நல்லா சொன்னாங்க" என்றாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியில்லை என்று தோன்றியது. "ஷாரன், அன்னைக்கு நான் ஒண்ணு பண்ணேன். உன்கிட்ட சொல்லவே இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க போன்ல சொல்லல. என்னைத் திருத்தினீங்க. நீட்டிச் சொல்லுன்னு." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "நான் பக்கத்துலதானே நின்னேன், அம்மா."

பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என் மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, சொற்களைத் தேடித் தேடி, விட்டு விட்டுச் சொன்னாள். "நான் தமிழ் பேசினா நீங்க திருத்துவீங்க. திருத்தினா உங்களுக்கு அது ஞாபகம் வரும். அதான் பேசல."

அவளுக்குப் பன்னிரண்டு வயதுகூட அப்போது முடியவில்லை. தன் நாக்கின் மீதுள்ள பயத்தால் வாயடைத்துக் கிடக்கிறாள் என்று எட்டு மாதம் அவளைக் காவல் காத்தேன். அவள் என்னைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும், சாப்பாட்டு மேசையில், காரில், வாசலில் செருப்பு மாட்டும்போது, அம்மா என்ற ஒரு சின்னச் சொல்லைக் கூட வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால் இல்லை. இன்னும் என்னென்ன தெரிந்து வைத்துக்கொண்டு எனக்காகப் பேசாமல் இருக்கிறாளோ? அவள் தோளைச் சுற்றிக் கை போட்டேன். தட்டிவிடவில்லை.

"பஞ்சு மார்க்கெட் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

எழுந்தேன். ஷாரன் பையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் இறங்கி, திரும்பி நின்று கையை நீட்டினாள்.

"படி ஒசரமா இருக்கு. பாத்து வாங்க" என்றாள்.

கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.